சென்ற இடம் தெரியாது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் தம்பியும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வாண்டும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் விடிந்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. மனசின் சுகத்தைப் பற்றிக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். தினம் போனில் பேசுகிற மனுஷன் இப்போது எதற்குப் பேனாவைத் தூக்கினார் என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் அடைத்துப் போகிறது, காகிதம் என்றால் அது குறுக்கே பேசாது, அழவும் அழாது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில் இதைப் பிரிக்காதே. வேலை இல்லாத நாளாகப் பார்த்து, வாண்டு பள்ளிக்கூடம் போன பிறகு, ஒரு டீ போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்து படி.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் மாடியில் துணி காயப்போடுவது இப்போது என் உத்தியோகம். சட்டையெல்லாம் ஒரு பக்கம், துண்டெல்லாம் ஒரு பக்கம் என்று பிரித்துத்தான் போடுவேன், தபால் பிரித்த கை சும்மா இருக்காதே என்று கேலி செய்வாள். முந்தாநாள் முதல் அந்தக் கேலியும் இல்லை. தம்பி லாரி கம்பெனியில் சரக்குச் சீட்டுப் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டுகிறான், அவனுக்குப் போன வருஷம் பெண் பேசிக்கொண்டிருந்தோமே ஒரு இடம், அது தட்டிப்போன பிறகு வேறு எதுவும் அமையவில்லை. முன் ஜன்னல் கம்பிக்கு நான் அடித்த பச்சைப் பெயிண்ட் அதற்குள் உரியத் தொடங்கிவிட்டது. அந்தப் பெயிண்டைப் பற்றிப் பிறகு எழுத வேண்டியிருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன்னால் நீ அனுமதி அலுவலகத்திலிருந்து வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே அம்மாவுக்குப் போன் செய்தாயே, அப்போது நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். அம்மா போனை மேஜைமேல் வைத்துச் சத்தமாகப் போட்டிருந்தாள், நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது. தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் போன இடத்தில் அந்த அதிகாரி கணினியைப் பார்த்துவிட்டு, "நீங்க யாரோட மனைவின்னு இந்த அனுமதி குடுத்தமோ, அவருக்கு நீங்க இப்ப மனைவி இல்லையே" என்று கேட்டதாகச் சொன்னாய். இங்கே நம் ஊர்க் கோர்ட்டில் பத்து மாதத்துக்கு முன்னாலேயே விவாகரத்துத் தீர்ப்பு ஆகி, அதன் நகலை மாப்பிள்ளை அந்த அலுவலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறார் என்றாய். இன்னும் என் கை தானாக மாப்பிள்ளை என்றே எழுதுகிறது பார். வேறு ஊரில் வேலை என்று அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு மாதம்தான் ஆகிறது. "மிச்ச எட்டு மாசம் நான் யாருக்கும்மா டிபன் கட்டிக் குடுத்தேன்" என்று நீ கேட்டாய்.

அந்த நாட்டு விதியை உன் வக்கீலம்மா உனக்கு விளக்கி, நீ எங்களுக்கு விளக்கினாய். புருஷன் பேரில் போன மனைவி, கல்யாணம் முறிந்தால் ஆறு மாதத்துக்குள் தன் சொந்தப் பேரில் அனுமதி கேட்கலாம், மூன்று வருஷமாவது சேர்ந்து குடித்தனம் நடத்தியிருந்தால், கையில் ஒரு வேலை இருந்தால், பிள்ளை அங்கே படித்துக்கொண்டிருந்தால் கொடுத்துவிடுவார்கள். உனக்கு எல்லாமே இருக்கிறது. அங்கே போய் நாலரை வருஷக் குடித்தனம், சலவைக்கூடத்தில் மூன்று வருஷ வேலை, இரண்டாம் வகுப்பில் வாண்டு. அந்த ஆறு மாதம்தான் இல்லை. உனக்குத் தெரியாமலே தொடங்கி, உனக்குத் தெரியாமலே முடிந்துவிட்டது. அனுமதி போனால் நீ கிளம்ப வேண்டியதுதான், ஆனால் பிள்ளைக்கு அப்பன் வழியில் அனுமதி இருப்பதால் அவன் சம்மதம் இல்லாமல் கூட்டிக்கொண்டும் வர முடியாது என்று நீ சொன்னபோது அம்மா என் முகத்தைப் பார்த்தாள். இங்கே வழக்குப் போட்டுத் தீர்ப்பை ரத்து செய்து பார்க்கலாமா என்று அவள் கேட்டதற்கு நீ சொன்ன பதில் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. "அந்த ஆளோட பொண்டாட்டியா இருக்கறதுக்கு நான் கேக்கலம்மா, நான் நானா இங்க இருக்கறதுக்குத்தான் கேக்கறேன்." கல்யாணத்தின்போதுகூட உன்னை இவ்வளவு பெரிய மனுஷியாக நான் பார்க்கவில்லை.

வக்கீலம்மா ஒரே ஒரு வழிதான் இருக்கிறது என்றார்களாம். கோர்ட் நோட்டீஸ் உன் கைக்கு வரவே இல்லை, விவாகரத்து நடந்தது உனக்குத் தெரியாது என்று நிரூபித்தால், தாமதத்தை மன்னித்து மனுவை எடுத்துக்கொள்ளலாம் என்று. அதற்காக இந்த ஊர்க் கோர்ட்டில் வழக்குக் காகிதங்களின் நகல் வாங்கி அனுப்பச் சொன்னாய். போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி, "என் பேருக்கு நம்ம வீட்டு விலாசத்துலதான் நோட்டீஸ் அனுப்பியிருக்கான், அதை யாரோ திருப்பி விட்டிருக்காங்கன்னு தீர்ப்புல இருக்கு, யாருன்னு கண்டுபிடிங்கப்பா, அவங்களை நான் சும்மா விடமாட்டேன், உங்களுக்குத் தெரியாத தபாலா" என்றாய். பார்க்கிறேன் என்றேன். போன வாரம் மறுபடி கேட்டாய், விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அதுவும் பொய்.

பாப்பா, திருப்பினது நான்தான்.

பதினைந்து மாதத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினோரு மணி இருக்கும், நான் ஜன்னல் கம்பிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன், அம்மா எதிர்வீட்டில் இருந்தாள். இப்போது நம் தெருவுக்கு வருகிற தபால்காரர், வெயிலோ மழையோ குடை இல்லாமல் பையைத் தூக்க மாட்டாரே, நீ குடைக்காரர் என்று பேர் வைத்தாயே, அவர் வந்து, உங்க பொண்ணு பேருக்குப் பதிவுத் தபால் என்றார். நீளக் காக்கி உறை, மூலையில் கோர்ட் முத்திரை, பின்னால் ஒப்புகை அட்டை தைத்திருந்தது. முப்பத்தொரு வருஷம் அந்த மாதிரி உறைகளைத் தூக்கினவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை, கையில் எடுத்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. எவ்வளவு வீட்டில் பார்த்திருக்கிறேன், இந்த உறையை வாங்கினவர்கள் வீட்டில் அடுத்த மாதமே பாத்திரம் பண்டம் பிரிந்தது, வாங்காமல் திருப்பினவர்கள் நாலு வருஷம், ஐந்து வருஷம் இழுத்து, நடுவில் மனசு மாறிச் சேர்ந்து வாழ்ந்ததும் உண்டு. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருட்டு என்று நினைக்குமாம். அந்தப் பூனைக்காவது படிப்பு கிடையாது.

இல்லை என்று போட்டு அனுப்பிவிடும் என்று குடைக்காரரிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். "எனக்குத் தெரியுமே, பாப்பா வெளிநாட்டுல இருக்குதுன்னு. வாய்வார்த்தைக்கு நான் எழுத மாட்டேன், வேணும்னா நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்று உறையை நீட்டினார். நான் அவர் பேனாவையே வாங்கி, பின்பக்கத்தில், வழக்கமான கையெழுத்தில் எழுதினேன். முகவரிதாரர் இங்கே இல்லை. சென்ற இடம் தெரியாது. கீழே தந்தை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். யார் யாருக்கோ, வீடு காலி செய்துகொண்டு போனவர்களுக்கெல்லாம் ஆயிரம் தடவை எழுதின வாக்கியம் அது, கை தானாக எழுதிவிட்டது. அப்போது நீ எங்கே இருந்தாய் என்று எனக்குத் தெரியாதா? அதற்கு முந்தின நாள் மாலைதானே வாண்டுக்குப் பல் விழுந்ததைப் போனில் காட்டினாய், பின்னால் மாப்பிள்ளை செருப்பைத் தேடிக்கொண்டு போனதுகூடத் தெரிந்ததே.

ஏன் செய்தேன் என்று கேட்பாய், கேட்க வேண்டும். உங்களுக்குள் சரியாகிவிடும் என்று நினைத்தது நிஜம். ஆனால் அது மட்டும் என்று சொன்னால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. தம்பிக்கு அந்த இடம் பேசிக்கொண்டிருந்தோம், அக்கா வாழாவெட்டியாக வரப்போகிறாளாம் என்று அந்த வீட்டார் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று பயந்தேன். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் நீ என்னிடம், அவர் வாரக்கணக்கில் பேசுவதில்லை அப்பா என்று சொல்லியிருந்தாய், இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் இதெல்லாம் சகஜம், பொறுத்துப் போ என்றேன், அந்தப் பேச்சு பொய்யாகிவிடக் கூடாதே என்ற வீம்பும் இருந்தது. உன்னிடம் உடனே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ அவரிடம் சண்டை போடுவாய், இருக்கிறதும் கெடும் என்று வாயை மூடிக்கொண்டேன். பிறகு இரண்டாவது தபால் வரவே இல்லை. மாப்பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது, என் அனுபவம் ஜெயித்துவிட்டது என்று மனசுக்குள் மார்தட்டிக்கொண்டேன். வராமல் போனதற்குக் காரணம் இப்போதுதான் தெரிகிறது. பெற்ற தகப்பனுக்கே மகள் இருக்கிற இடம் தெரியவில்லை, இனி எங்கே போய்த் தேடுவது என்று அவர் வக்கீல் கோர்ட்டில் சொல்லி, நம் தெருவுக்கே வராத ஒரு பத்திரிகையில் ஒரு மூலையில் விளம்பரம் போட்டு, நீ வராமலே தீர்ப்பு வாங்கிவிட்டார்கள். அவர் பொய் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை, என் பொய்யையே எடுத்துக் காட்டினார்கள்.

அந்தத் தபால் வருவதற்கு இரண்டு மாதம் முன்னால் ஆபீஸ் வேலை என்று அவர் தனியாக வந்து நம் வீட்டில் மூன்று நாள் தங்கினாரே, குழந்தையின் பள்ளிக்கூடத்துக்கு வேண்டும் என்று உன் பிறப்புச் சான்றிதழின் நகல் கேட்டாரே. வெயிலில் கடைக்குப் போய் நகல் எடுத்துக் கொடுத்தவனும் நான்தான், அதைத்தான் உன் ஊருக்கு ஆதாரம் என்று வழக்கில் சேர்த்திருக்கிறார்கள். பஸ் நிறுத்தம் வரை அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள், இங்கே மாட்டுக்கு வழி காட்டிவிட்டதும் வேலிதான்.

வழக்குக் காகிதங்களின் நகல் என் கைக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. கோர்ட்டில் நகல் பிரிவு மாடியில், ஜன்னலுக்குக் கம்பி போட்ட சின்ன அறை. அங்கே இருந்த குமாஸ்தா காகிதங்களை எண்ணிக்கொண்டே வந்தவர், அந்த உறையின் நகலில் நின்றுவிட்டார். நான் மனுவில் போட்டிருந்த கையெழுத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பெரியவரே, இது ரெண்டும் ஒரே கையெழுத்தாச்சே" என்றார். ஆமாம் என்றேன். அவர் முத்திரையைக் குத்தி நீட்டினார். உறையின் ஓரத்தில் என் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறை, நகலில் கறுப்பாகத் தெரிந்தது. பச்சைப் பெயிண்ட். கீழே இறங்கிப் படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

ஏழு நாள் அதைப் பீரோவுக்கு மேலே வைத்திருந்தேன். முந்தாநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அம்மாவிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அவ எங்க இருக்கான்னு தெரியாதுன்னு எழுத உங்க கை எப்படி வந்துச்சு" என்று மட்டும் கேட்டாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு தட்டு வருகிறது, தண்ணீர் வருகிறது, பேச்சு வருவதில்லை. வழக்கமாக என் கடிதத்துக்குக் கீழே அவள் இரண்டு வரி எழுதுவாளே, இந்தத் தடவை, உங்க கடுதாசியில எனக்கு இடம் வேண்டாம் என்று தனித்தாளில் எழுதி மடித்துக் கொடுத்திருக்கிறாள். நான் பிரிக்கவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன்.

நேற்று இங்கே உள்ள ஒரு வக்கீலிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தபால்காரர் தவறா எழுதிட்டார்னு போட்டுடலாம், உங்க பேரு கெடாது" என்றார். குடைக்காரருக்கு ஓய்வு பெற இன்னும் நாலு மாதம் இருக்கிறது, அந்த மனுஷன் அன்றைக்கே தன் கையால் எழுத மாட்டேன் என்று சொன்னவர். வேண்டாம், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள் என்றேன். "பொய் எழுதிக் குடுத்தேன்னு நீங்களே சத்தியம் பண்றீங்க, நாளைக்கு உங்க மேல வழக்கு வந்தாலும் வரும், பென்ஷனுக்கும் சிக்கல் வரலாம், யோசிங்க" என்றார். இனிமேல் என்ன யோசனை. யோசித்துச் செய்ததால்தானே இவ்வளவும்.

அங்கே டைப் அடிக்கிற அம்மாள் பிரமாணப் பத்திரத்தை நான் சொல்லச் சொல்ல அடித்தார். மகள் இருக்கும் இடம் அன்று உங்களுக்குத் தெரியுமா என்று ஒரு கேள்வி வந்தது. தெரியும் என்றேன். விலாசம் சொல்லுங்கள் என்றார். கதவு எண், கட்டடத்தின் பேர், தெரு, பின்கோடு எல்லாம் காகிதத்தைப் பார்க்காமல் சொன்னேன். வாய் அதோடு நிற்கவில்லை பாப்பா. இரண்டாவது மாடி, ஏறினதும் இடதுபக்கக் கதவு, அழைப்பு மணி கெட்டுப்போனதால் தட்ட வேண்டும், கதவுக்குப் பின்னால் கொக்கியில் குழந்தையின் நீலப் பை, சூடேற்றும் பெட்டிக்கு ஒரு கால் உடைந்து மரக்கட்டை முட்டுக் கொடுத்திருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் பஸ் நிறுத்தம், காலை ஐந்து பத்துக்கு வருகிற முதல் பஸ்ஸில் என் மகள் வேலைக்குப் போகிறாள், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைப் பெரியது, நடுத்தரம், குழந்தைக் கட்டில் என்று மூன்று அடுக்காக மடித்து வைக்கிறாள், அடுக்கு மாறினதே இல்லை என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறேன். அந்த அம்மாள் விரலை எடுத்துவிட்டு, "போதுங்கய்யா, இவ்வளவெல்லாம் கோர்ட்டுக்கு வேண்டாம்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அரைகுறை விலாசம், மஞ்சள் கேட் வீட்டு அக்காவுக்கு என்று எழுதிய தபாலைக்கூடக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் என்று இந்த ஊரில் எனக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரோடு நான் இனிமேல் தெருவில் நடக்க வேண்டும்.

நோட்டரி முத்திரை போட்ட அசல் பத்திரமும் கோர்ட் நகல்களும் இந்த உறைக்குள்ளேயே இருக்கின்றன. வரும் மாதம் பதினேழாம் தேதி உன் மனுவுக்கு விசாரணை, அதற்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, இது பன்னிரண்டு நாளில் வந்துவிடும். கூரியரில் அனுப்புங்கள் என்று தம்பி சொன்னான், சேதியை வாட்ஸப்பில் அனுப்பலாம் என்றும் சொன்னான், நான் கேட்கவில்லை. வக்கீலம்மா வாயிலிருந்து கேட்பதற்கு முன்னால் நீ என்னிடமிருந்து கேட்க வேண்டும். இதனால் அனுமதி கிடைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன், அது எனக்குத் தெரியாது. நான் செய்த காரியமே உனக்குச் சாட்சியாகிறது என்பது மட்டும் தெரியும். வேண்டுமானால் போனிலோ வீடியோவிலோ எந்த அதிகாரி முன்னால் வேண்டுமானாலும் நின்று சொல்கிறேன்.

அசலை வக்கீலம்மாவிடம் கொடுக்கும்போது வாங்கினேன் என்று ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள், எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடு. அலுவலகத்திலிருந்து வருகிற உறையைக் கிழித்து எறியாதே, முத்திரையில் தேதி இருக்கும், தேதிதான் பேசும். அவர் வந்து எந்தக் காகிதத்தை நீட்டினாலும் நின்ற இடத்தில் கையெழுத்துப் போடாதே, வாண்டின் பாஸ்போர்ட்டை அவர் கையில் கொடுக்காதே. சலவைக்கூடத்து மேற்பார்வைக்காரி உன்னிடம் பிரியமாக இருக்கிறாள் என்றாயே, மூன்று வருஷமாக ஒழுங்காக வேலை செய்கிறாய் என்று அவளிடம் ஒரு கடிதம் வாங்கு, கேட்பதற்குக் கூச்சப்படாதே. சாப்பிடாமல் வேலைக்குப் போகாதே. பொறுத்துப் போ என்று இனி நான் உனக்குச் சொல்லப் போவதில்லை.

வாண்டுக்குத் தாத்தாவின் முத்தம். நீ யாரையும் அண்டாமல், யார் பேரிலும் இல்லாமல், உன் பேரிலேயே நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். மன்னித்துவிடு என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை, நீ மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும் அப்பா இருக்கிற இடம் உனக்குத் தெரியும்.

ஒன்று மறந்துவிட்டேன். இதை ஒப்புகை அட்டையோடுதான் அனுப்பியிருக்கிறேன். நீ இதைப் படிக்கிறாய் என்றால் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டுவிட்டாய் என்று அர்த்தம். போனில் பேச மனசில்லாவிட்டால் பேச வேண்டாம். அந்த அட்டை திரும்பி வந்துவிடும். தினம் பதினோரு மணிக்குக் கேட்டில் நின்று குடைக்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அதில் உன் கையெழுத்தைப் பார்த்தால் இப்போதைக்கு எனக்கு அது போதும்.

இப்படிக்கு,
நீ இருக்கும் இடம் தெரிந்த
அப்பா